பீடத்து உப்பு

என் மகள் சாமியின் உப்பைத் தின்றுவிட்டாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பங்குனி உத்திரத்துக்காக எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தோம். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற வழியில் ரோட்டை விட்டு இறங்கி, அறுப்பு முடிந்து வெடித்துக் கிடக்கிற கரிசல் காட்டுக்குள் கொஞ்ச தூரம் போக வேண்டும். வருஷம் முழுக்க அங்கே ஈ காக்கா இருக்காது. அன்றைக்கு மட்டும் ஊர் ஊராகப் பிழைக்கப் போன சொந்தமெல்லாம் வேன் பிடித்து வந்து அடுப்பு மூட்டும். சாமிக்கு எதிரே ஒரு சிமெண்டுப் பீடம் உண்டு. மேலுக்கு மரு, தேமல், படை என்று எது வந்தாலும், உப்பும் மிளகும் வாங்கி அந்தப் பீடத்தில் கொட்டுவதாக நேர்ந்துகொள்வது எங்கள் வழக்கம். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மிளகை விரலால் ஒதுக்கிவிட்டு, கல் உப்பை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள் பிள்ளை.

முதலில் பார்த்தது என் சித்தி. "ஏட்டி! சாமி உப்பையா திங்குத? நாக்கு அழுகிப் போகும்ட்டி!" என்று அவள் போட்ட சத்தத்தில் அடுப்படியில் இருந்த அத்தனை பேரும் ஓடி வந்துவிட்டோம். பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சு அத்தை" என்றாள்.

இந்த அத்தை, சித்தி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் கடைசித் தம்பியைத்தான் நான் கட்டியிருக்கிறேன். சொந்தத் தாய்மாமன். அதனால் அம்மாவின் தங்கச்சி எனக்குச் சித்தி, என் வீட்டுக்காரருக்கு அக்காள், என் மகளுக்கு அத்தை. எங்கள் குடும்பத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று முறை இருக்கும். வெளியாள் கேட்டால் தலை சுற்றிப் போவார்கள். எங்களுக்கு அதில் ஒரு பெருமை வேறு. யாருக்கு யார் என்ன முறை என்பதைக் கரைத்துக் குடித்தவள் சித்தி. வருஷா வருஷம் கோயிலுக்கு வருகிற புதுக் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடுப்பாகக் கூட்டிப் போவாள். "இவிய ஒனக்குப் பெரியப்பா. இவிய மாமா முறை, கேலி பண்ணலாம். இது ஒனக்கு அக்கா. அடிக்கக் கூடாது." இது அவளாக எடுத்துக்கொண்ட வேலை. எங்கள் வீட்டில் இன்றைக்கு யாரும் யார்மேலும் கை நீட்டாமல் இருக்கிறோம் என்றால் அதில் சித்திக்குப் பங்கு உண்டு.

சாமி உப்பைத் தின்றதற்குப் பரிகாரமாக வருஷம் ஒரு பை உப்பு வாங்கிக் கொட்டுவதாகச் சித்தியே நேர்ந்துகொண்டாள். கூடவே, "பிள்ளைக்குக் கறுப்பு எறங்கணும் அய்யா" என்று ஒரு வேண்டுதலையும் சேர்த்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் உச்சிமுடி வரைக்கும் ஏறியது. ஆனால் அவள் சொன்னதும் பொய்யில்லை. இரண்டு வருஷமாகப் பிள்ளை கறுத்துக்கொண்டே வந்தாள். நாங்கள் யாரும் சிவப்பு கிடையாது. அது வேறு கறுப்பு. ஈறு கறுத்தது. முட்டி கறுத்தது. உள்ளங்கை ரேகை மை தீட்டினதுபோலக் கறுத்தது. "வெயில்ல அலைய விடாத" என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். வெயில் உள்ளங்கையிலா அடிக்கும்? இதைக் கேட்டால் எனக்கு வாய்த்துடுக்கு என்பார்கள்.

வாய்த்துடுக்கு இருக்கத்தான் செய்கிறது. கோவில்பட்டியில் மாவு மில் வைத்திருக்கிறேன். காலையில் கோதுமை, கேப்பை, மத்தியானத்துக்கு மேல் வத்தலும் மல்லியும். நாள் முழுக்க மிளகாய் நெடியில் நிற்கிறவள் சாந்தமாகப் பேசுவாளா? கரண்டு போனால் மின்சார ஆபீசைத் திட்டுவேன், ஈர வத்தலைக் கொண்டு வருகிறவர்களைத் திட்டுவேன், ஒரு வார்த்தையும் திருப்பிப் பேசாத என் வீட்டுக்காரரைத் தினமும் திட்டுவேன். அவர் தீப்பெட்டி ஆபீசில் மிஷின் பார்க்கிறார். வீட்டிலும் மிஷின் சத்தம்தான் என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒன்று மாற்றி ஒன்று. நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படியும். மருந்து தடவினால் போகும், திரும்ப வரும். கை நகங்கள் மஞ்சளாகி உதிர்ந்தன. ஏழு வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் இரண்டு கை விரல்களும் குவிந்து மடங்கிக்கொண்டு விரியவில்லை. டீச்சர் பயந்துபோய்க் கையில் இரும்புச் சாவியைத் திணித்திருக்கிறார். வலிப்பு என்று ஒரு டாக்டர் மருந்து கொடுத்தார். அப்புறம் இன்னொருவர், ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்று சொல்லி மாத்திரை எழுதினார். கை மடங்குவது நின்றது. நாக்குக்கு ஒரு டாக்டர், நகத்துக்கு ஒரு டாக்டர், கைக்கு ஒரு டாக்டர் என்று அலைந்தோம். எல்லாம் ஒரே நோயின் வேலை என்று எங்களுக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை.

உப்பு தின்ற பிறகுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். சோற்றில் உப்பு, மோரில் உப்பு, மாங்காய்க்கு ஒரு கை உப்பு. "உப்பைத் தின்னா ரத்தம் சுண்டிப் போகும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. பிள்ளையோ நாளுக்கு நாள் துவண்டாள். மில்லில் மூட்டைமேல் சாய்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே இருந்தது வயதில் என்னைவிடச் சின்ன டாக்டரம்மா. எதைச் சொன்னாலும் எழுதிக்கொண்டே கேட்டார். கோயிலில் உப்புத் தின்ற கதையை நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிள்ளையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "சொந்தத்துலயா கல்யாணம்?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. பெண்ணுக்கு நோய் என்று வந்தால் என் கல்யாணத்தை எதற்கு இழுக்க வேண்டும்? ஆனால் அவர் குற்றம் சொல்லவில்லை. ரத்தம் எடுத்து எங்கெங்கோ அனுப்பி, முடிவு வந்த பிறகு எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

"நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. சின்னப் பிள்ளைகளுக்குப் பெருசா இருக்கும், வயசாக ஆகச் சுருங்கிடும். கிருமியை அடிக்கிற வெள்ளணுக்கள் இருக்குல்ல, அதுல ஒரு வகை அங்க போய்த்தான் படிச்சிட்டு வரும். உடம்புல இருக்கிற ஒவ்வொண்ணோட மாதிரியையும் அந்தச் சுரப்பி அதுங்களுக்குக் காட்டும். இது ஈரல், இது கழுத்துச் சுரப்பி, இதெல்லாம் நம்மளோடதுன்னு. அதைப் பார்த்தும் அடிக்க வர்ற அணுவை அங்கேயே அழிச்சிடும், வெளிய விடாது. அப்படி மாதிரி காட்டச் சொல்ற ஜீன் ஒண்ணு இருக்கு. அம்மாகிட்ட ஒண்ணு, அப்பாகிட்ட ஒண்ணுன்னு வர்றதுல இவளுக்கு ரெண்டு பங்கும் பழுது. அதனால சில மாதிரிகளைக் காட்டவே இல்ல. அதைப் பார்க்காத அணுக்கள் வெளிய வந்து, சொந்த உறுப்பையே கிருமின்னு நினைச்சு அடிக்குது."

கழுத்தில் இருக்கிற நாலு சின்னச் சுரப்பிகளை அடித்ததில் சுண்ணாம்புச் சத்து போனது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பியை அடித்ததில் உடம்பில் உப்பு நிற்காமல் போனது. உப்புக்கு அலைந்ததும் கறுத்ததும் அதனால். வாயில் பூஞ்சை வளர்ந்ததுகூட, அதை விரட்டச் சொல்லி ரத்தத்தில் சேதி கொண்டு போகிற பொருள்களையே உடம்பு பிடித்து அடித்ததால்தான். அந்த ஜீனில் எனக்கு ஒரு பங்கு பழுது, என் வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு பழுது. எங்களுக்கு மற்றொரு நல்ல பங்கு இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. என் வீட்டுக்காரரின் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்தது, அவருக்கு நேராகவும், எனக்கு என் அம்மா வழியாகவும் வந்து, பிள்ளையிடம் ஒன்றுசேர்ந்துவிட்டது. அடுத்து ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கும் நாலில் ஒரு வாய்ப்பு என்றார். நாங்கள் வேறு பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை.

"அப்ப என் உள்ளயே சண்டையா டாக்டர்?" என்று கேட்டாள் மகள். ஆமாம் என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள். "அதுகளுக்கு முறை சொல்லிக் குடுக்க ஆளில்லம்மா. நம்ம அத்தையை உள்ள அனுப்பியிருந்தா எல்லாத்தையும் கையைப் பிடிச்சுக் கூட்டிப் போயி, இது ஈரல், ஒனக்கு அக்கா, அடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பாவ." டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. நாங்கள் விளக்கியதும் அவரும் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். முறை பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்ட எங்களுக்கு, முறை தெரியாத அணுக்களோடு ஒரு பிள்ளை. பஸ்ஸில் வரும்போது எனக்கு இதுவே ஓடிக்கொண்டிருந்தது. யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது, யாரைத் திட்ட?

மாத்திரை போட ஆரம்பித்ததும் கறுப்பு இறங்கியது. சித்தி சாமிக்கு நன்றி சொன்னாள். நான் மாத்திரைக்குச் சொன்னேன். பிள்ளை பள்ளிக்கூடப் பையில் ஒரு டப்பா உப்போடு போய் வந்தாள். டாக்டரம்மா எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். வாந்தி வந்து மாத்திரை தங்காமல் போனால் உயிருக்கே ஆபத்து, அந்த நேரம் ஆள் தேடக் கூடாது, தொடையில் குத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றார். மருந்துக் குப்பியும் ஊசியும் என் கைப்பையில் எப்போதும் இருக்கும். மில்லில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அந்தப் பை தொங்கும்.

அவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது வந்த பங்குனி உத்திரத்தில்தான் அது நடந்தது. நான் அடுப்பு மூட்டுவதற்காக முதல் வேனிலேயே போய்விட்டேன். பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு பின்னால் வந்தாள். வேனில் இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறாள், வெயிலுக்கு என்று நினைத்து யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்து இறங்கின நேரம் மேளம் உச்சத்தில் இருந்தது. கூட்டத்துக்கு நடுவில் நின்றவளுக்கு உடம்பு நடுங்கியிருக்கிறது. கண் சொருகி, முழங்கால் மடங்கிப் பீடத்துக்கு முன்னால் விழுந்து, "உப்பு... உப்பு..." என்று முனகியிருக்கிறாள்.

எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? சாமி வந்துவிட்டது என்று நினைத்தார்கள். வருஷா வருஷம் உப்புக் கொட்டுகிற சித்தி, சாமியே வாய் திறந்து உப்புக் கேட்கிறது என்று நடுங்கிப்போய்க் காலில் விழுந்துவிட்டாள். "கொட்டுதோம் தாயி, கொறை வைக்காமக் கொட்டுதோம்." யாரோ ஒரு மூட்டை உப்பைக் கொண்டு வந்து பீடத்தில் அவிழ்த்தார்கள். ஒருத்தர் தன் மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று குறி கேட்டார். நான் கரண்டியும் கையுமாக ஓடி வந்தபோது, என் பிள்ளை மூச்சுக்குத் தவித்துக் கிடக்கிறாள், சுற்றி அத்தனை பேரும் கை கூப்பி நிற்கிறார்கள்.

"தள்ளுங்கலே! கொள்ளையில போவீங்களா! சாகக் கெடக்குத பிள்ளையா ஒங்களுக்குச் சாமி?" எனக்கு என்ன வாயில் வந்தது என்று முழுக்க ஞாபகம் இல்லை. பெரியவர் சின்னவர் பார்க்கவில்லை. தோளில் தொங்கிய பையிலிருந்து மருந்தை எடுத்து, குப்பியில் ஊசித் தண்ணீரை ஏற்றிக் குலுக்கி, பாவாடையை ஒதுக்கி, சாமிக்கு நேர் எதிரே தொடையில் ஊசியைக் குத்தினேன். மேளம் நின்றுவிட்டது. லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தோம். சலைன் ஏறி, சாயங்காலத்துக்குள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாள்.

"அத்தை என் கால்ல விழுந்தாவம்மா" என்றாள் மெதுவாக. "கறுப்பி கறுப்பின்னு கூப்பிட்ட அத்தனை பேரும் கும்பிட்டாவ. எனக்குச் சிரிப்பாணியா வந்துச்சு. சிரிக்கத்தான் தெம்பில்ல."

சித்தி எனக்கு முகம் கொடுக்கவில்லை. சாமி இறங்கி நிற்கும்போது ஊசியைக் குத்திவிட்டேன் என்று அவளுக்கு ஆறவில்லை. பிள்ளையைச் சாகவிட்டுக் கும்பிட்டு நின்றாள் என்று எனக்கு ஆறவில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. மிளகாய் திரிக்க வேறு மில்லுக்குப் போனாள். மகள் மட்டும் அங்கேயும் இங்கேயும் போய் வருவாள்.

காலேஜில் சேர்ந்த வருஷம் அவளுக்குக் கண் மஞ்சளித்தது. காமாலை என்று கீழாநெல்லி அரைக்கச் சொன்னார்கள். நான் அன்றைக்கே மதுரைக்கு வண்டி பிடித்தேன். டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த முறை அணுக்கள் ஈரலைப் பிடித்திருந்தன. அதுகளை அடக்குகிற மருந்தை ஏற்றினார்கள், கூட்டினார்கள், மாற்றினார்கள். ஈரல் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு நாள் சித்தி வந்து உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் வாங்கி வந்த டீயில் பாதியை அவளிடம் நீட்டினேன், குடித்தாள்.

பிள்ளை தெளிவாகப் பேசின கடைசி மத்தியானம் அது. "இப்ப யாரைம்மா அடிக்குதுக?" என்று கேட்டாள். ஈரலை என்றேன். சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நாசமாய்ப் போகிறதுகள், வெளங்காத சவங்கள், பெற்று வளர்த்த உடம்பையே தின்கிறதுகளே என்று அழுதுகொண்டே திட்டினேன். அவள் என் கையைப் பிடித்து, "அதுகளைத் திட்டாதம்மா. அதுகளும் நான்தான" என்றாள். "யாரும் சொல்லிக் குடுக்கல. தெரியாமச் செய்யுதுக."

மாற்று ஈரல் வைக்கலாமா என்று டாக்டர்கள் பேசத் தொடங்கியபோது அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. மறுபடி என்னைப் பார்க்கவேயில்லை. என் கைப்பையில் ஊசி இருந்தது. ஈரலுக்கு அது உதவாமல் போய்விட்டது. கரண்டு போனாலே ஊரைக் கூட்டுகிறவள் நான். என் பிள்ளை செத்தபோது எனக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. மில்லைத் திறந்து, மிஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுவேன். வருகிறவர்கள் மிளகாய் நெடி என்று நினைத்துக்கொள்வார்கள்.

கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணை வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கம் உண்டு. ஓலைப் பெட்டியில் பாவாடை, தாவணி, வளையல், ரிப்பன் வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் படைப்பார்கள். சித்தி மில்லுக்கு வந்து இதைச் சொன்னதும் நான் சீறினேன். "உசுரோட இருந்தப்பக் கறுப்பி. சாகக் கெடந்தப்பச் சாமி. இப்பக் கன்னியா? அவளை என் மகளா இருக்க விடவே மாட்டீங்களா சித்தி?" அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மல்லி மூட்டைமேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கும்பிடதுக்குச் சொல்லலட்டி" என்றாள். "நாளைக்கு வாற பிள்ளைகளுக்கு, இப்படி ஒருத்தி இருந்தா, அவ நமக்கு இன்ன முறைன்னு தெரியாண்டாமா? பெட்டின்னு ஒண்ணு இருந்தாத்தான நான் காட்ட முடியும்?" அவள் கொண்டுவந்திருந்த வத்தலை வாங்கித் திரித்துக் கொடுத்தேன்.

இந்த வருஷம் பெட்டியோடு கோயிலுக்குப் போனோம். உப்புப் பீடத்துக்குப் பக்கத்தில் வைத்து, நான்தான் பொங்கலிட்டேன். படைக்கிற பொங்கலில் நாங்கள் உப்புப் போடுவது கிடையாது, அது வழக்கம். பானை பொங்கி வரும்போது சித்தி மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். யாரையும் கேட்கவில்லை. கை நிறையக் கல் உப்பை அள்ளிப் பானைக்குள் போட்டாள். "அவளுக்கு உப்பில்லாம எறங்காது" என்றாள். நான் கரண்டியால் கிண்டிவிட்டேன்.

படைத்து முடித்ததும், சென்னையிலிருந்து வந்த தன் மகள் வழிப் பேரன் ஒருவனை, இப்போதுதான் நடக்கப் பழகினவன், கையைப் பிடித்து அடுப்பு அடுப்பாகக் கூட்டி வந்தாள். இவிய பெரியப்பா, இவிய மாமா. பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். அவன் குனிந்து, உள்ளே இருந்த வளையலைத் தட்டினான்.

"இது ஒனக்கு அக்கா" என்றாள் சித்தி. பழக்கத்தில் அடுத்த வார்த்தையும் வந்துவிட்டது. "அடிக்க..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். உதடு கோணிக்கொண்டு போனது. பையன் அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

மீதியை நான்தான் சொன்னேன். "அடிக்கக் கூடாதுய்யா. அக்கா."